சொல்லும் துறைபொருளும்: திருக்குர்ஆன் உரைமரபின் தொடக்கநெறிகள்

அந்தமானின் தலைநகரில் ஷாதிபூர் என்றொரு பகுதி உள்ளது. போர்ட் பிளேயர் என வழங்கிவந்த அந்நகர் 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஷாதிபூரின் பெயர் மாறவில்லை. ஊர்ப்பெயரின் வரலாறு எதுவாயினும், அதன் முதற்கூறான 'ஷாதி' என்னும் சொல் மொழியியலாரின் கருத்தைக் கவரத்தக்கது. பாரசீகத்தில் இதன் பொருள் மகிழ்ச்சி. உருதுவிலும் இந்துஸ்தானியிலும் திருமணம். பாரசீகச் செய்யுள் ஒன்றைப் படிக்கும் உருது மாணவன் தன் வீட்டு வழக்கை நம்பி 'ஷாதி' வருமிடமெல்லாம் திருமணம் எனப் பொருள் கொள்வானாயின், அச்செய்யுள் முழுதும் மணவிழாக்களாகவே அவனுக்குத் தோன்றும். ஒரு நூலின் சொல்லுக்கு அந்நூல் தோன்றிய காலத்து மக்கள் கொண்ட பொருளையே கொள்ளவேண்டும் என்னும் விதி எளியது. அதனைக் கடைப்பிடித்தல் எளிதன்று. இவ்விதியைத் தம் மறைநூலின்பொருட்டு விரிவாக ஆராய்ந்தோர் இசுலாத்தின் முதல் மூன்று நூற்றாண்டு அறிஞர்கள்.

அந்தமானுக்கும் இவ்வாராய்ச்சிக்கும் உள்ள தொடர்பு பெயரளவினதன்று. 1858இல் இத்தீவுகளில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபின், முந்தைய ஆண்டின் கிளர்ச்சியில் பங்குகொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அறிஞர் பலர் இங்கு நாடுகடத்தப்பட்டனர். தருக்கவியலிலும் மெய்யியலிலும் பெயர்பெற்ற ஃபஸ்லெ ஹக் கைராபாதீ 1861இல் இங்கேயே உயிர்நீத்தார். அவரோடு வைத்தெண்ணத்தக்கவர் முஃப்தி இனாயத் அகமது காகோரவி. இவர் தீவில் இருந்தபொழுது இயற்றிய 'இல்முஸ் ஸீகா' என்பது அரபுச் சொல்லாக்க இலக்கணம். பாரசீக உரைநடையில் அமைந்தது. நூலகமற்ற இடத்தில் பெரிதும் நினைவை நம்பியே எழுதப்பட்டது. இந்நூல் இந்தியத் துணைக்கண்டத்து மதரசாக்களில் இன்றும் பாடநூலாக உள்ளது. விடுதலை பெற்றுத் திரும்பிய காகோரவி, 1863இல் மக்காவுக்குச் சென்ற கடற்பயணத்தில் கப்பல் மூழ்கி இறந்தார். 'ஸீகா' என்பது சொல்வடிவம். எண், பால், இடம், காலம், வினையின் வகை ஆகியவற்றை வேர்ச்சொல்லிலிருந்து பிரித்தறியும் பயிற்சியே அந்நூலின் உள்ளடக்கம். மறையுரை எழுதப் புகுவோன் முதற்கண் பெறவேண்டிய தகுதியாகப் பழையோர் வைத்ததும் இதுவே.

இத்தகுதி இல்லாதவழி நேர்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு வழக்கமாகச் சொல்லப்படும். இறுதிநாளில் மக்கட்கூட்டம் ஒவ்வொன்றும் அதன் 'இமாம்' உடன் அழைக்கப்படும் என்று 17ஆம் அத்தியாயத்தின் 71ஆம் வசனம் கூறுகிறது. தலைவர், வழிகாட்டி, செயலேடு என்று உரைகள் பலவாறு விரியினும் சொல் ஒருமையே. சிலர் இதனை 'உம்மு', அதாவது தாய், என்பதன் பன்மையாகக் கொண்டு, மக்கள் தத்தம் தாயின் பெயரால் அழைக்கப்படுவர் என்றனர். 'உம்மு' என்பதன் பன்மை 'உம்மஹாத்' என்பது தொடக்க மாணவனும் அறிந்தது. 12ஆம் நூற்றாண்டின் ஸமக்ஷரீ இவ்வுரையைக் கடுமையாக எள்ளினார். பிழை இலக்கணத்தில் தொடங்கிச் சமயக் கொள்கையில் முடிந்தமையே அவர் சினத்திற்குக் காரணம் எனலாம்.

உரைநெறி பற்றிய முதற் பெருஞ்சிக்கல் பாடசாலையில் எழவில்லை, போர்க்களத்தில் எழுந்தது. 657இல் ஸிஃப்பீன் போரின் முடிவில் நான்காம் கலீஃபா அலீ, நடுவர் இருவரின் தீர்ப்புக்கு இணங்கினார். தீர்ப்பளிக்கும் உரிமை இறைவனுக்கன்றி வேறெவருக்கும் இல்லை என்னும் கருத்துடைய மறைத்தொடரைக் காட்டி, மனிதரை நடுவராக்கியது மறைக்கு மாறு என ஒரு பிரிவினர் விலகினர். இவரே காரிஜிய்யாக்கள் எனப்பட்டனர். தொடர் மறையினது, சொற்களும் ஐயமற்றவை. எனினும் அவர் கொண்ட பொருள் குருதி சிந்தும் கொள்கையாயிற்று. அவரிடம் தூதாகச் சென்று வாதிட்ட இப்னு அப்பாஸ் மறையின் வேறிரண்டு இடங்களை எடுத்துக்காட்டியதாக வரலாறு கூறும். கணவன் மனைவியரிடையே பிணக்கு நேரின் இருவர் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு நான்காம் அத்தியாயம் பணிக்கிறது. புனிதப் பயணக் கோலத்தில் இருப்பவன் வேட்டையாடிய விலங்கிற்கு ஈடு எது என்பதை நேர்மையாளர் இருவர் தீர்ப்பளிக்குமாறு ஐந்தாம் அத்தியாயம் பணிக்கிறது. ஒரு முயலின் விலையில் மனிதரின் தீர்ப்பு செல்லுமெனில் மக்களின் உயிர் பற்றிய வழக்கில் ஏன் செல்லாது என்பது அவர் வினா. ஒரு பகுதியினர் மனம் மாறித் திரும்பினர். எஞ்சியோர் 658இல் நஹ்ரவான் போரில் மாண்டனர்.

மறையின் ஒரு பகுதிக்கு மற்றொரு பகுதியைக் கொண்டு உரைகாணல் என்னும் முதல்நெறி இவ்வாறு நடைமுறையில் நின்றது. இதற்கு முன்னோடி நபிகளாரின் விளக்கமே. நம்பிக்கையோடு 'ளுல்ம்' கலவாதோர்க்கே அச்சமின்மை உண்டு என்ற வசனம் வந்தபோது தோழர் கலங்கினர். 'ளுல்ம்' என்பது அநீதி, தமக்குத் தாமே அநீதி இழைக்காதவர் யாருமிலர். ஆங்குச் சுட்டப்பட்டது இறைவனுக்கு இணைவைத்தல் என்னும் பேரநீதியே என நபிகளார், லுக்மான் தம் மகனுக்குக் கூறிய அறிவுரையில் அச்சொல் வரும் இடத்தைக் காட்டித் தெளிவித்தார். பொதுச்சொல் சிறப்புப்பொருளில் நிற்றலை மறைக்குள்ளிருந்தே நிறுவிய முறை இது. பிற்காலத்தில் ஷாஃபியீ (இறப்பு 820) தம் 'ரிஸாலா'வில் இதனை விதியாக வகுத்தார். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே தொடரில் மக்கள் எனப் பொருள்படும் 'அன்னாஸ்' என்னும் சொல் இருமுறை வருகிறது: செய்தி சொன்ன மக்கள் ஒரு சாரார், படைதிரட்டிய மக்கள் மற்றொரு சாரார், செய்தியைக் கேட்டோர் மூன்றாமவர். உலக மக்கள் அனைவரையும் குறிக்கவல்ல சொல் இங்குச் சிலரையே குறித்தது என்பது அவர் காட்டும் சான்று.

வசனம் எச்சூழலில் எழுந்தது என அறிதல் அடுத்த நெறி. இதற்கு ஆயிஷா அவர்களுக்கும் அவர்தம் சகோதரி மகன் உர்வாவுக்கும் நிகழ்ந்த உரையாடல் தனித்து நோக்கத்தக்கது. மக்காவின் ஸஃபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே சுற்றிவருதல் குற்றமாகாது என்பது இரண்டாம் அத்தியாயத்துச் செய்தி. குற்றமில்லை எனின் செய்யலாம், செய்யாதும் விடலாம் என உர்வா பொருள் கொண்டார். தமிழிலும் அவ்வாறு பொருள்கொள்ள இடமுண்டு; 'போனால் தவறில்லை' என்பதைக் கட்டளை என எவரும் கொள்ளார். ஆயிஷா இரண்டு விடைகள் தந்தார். ஒன்று இலக்கணம்: உர்வா கருதிய பொருளாயின், சுற்றாதிருத்தல் குற்றமாகாது என்றன்றோ தொடர் அமைந்திருக்கும். எதிர்மறை நிற்குமிடம் பொருளை மாற்றும் என்பதே அவர் வாதம். மற்றொன்று வரலாறு: மதீனத்து மக்கள் இசுலாத்திற்கு முன் மனாத் என்னும் தெய்வத்தை வழிபட்டவர்; அவ்வழிபாட்டின் காரணமாக அக்குன்றுகளுக்கிடையே செல்லுதலைத் தவிர்த்துவந்தவர். அவர்தம் தயக்கத்தை நீக்கவே குற்றமில்லை என்னும் வாய்பாடு வந்தது. வினா தெரிந்தாலன்றி விடையின் பொருள் தெரியாது என்பதை இதனினும் சுருங்க விளக்கல் அரிது. செய்யுளின் கூற்றும் துறையும் அறியாமல் அகப்பாட்டுக்கு உரைகூற இயலாது என்னும் தமிழ் உரையாசிரியர் கொள்கையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தோழி தலைவனை இகழ்வது, இகழ்ச்சியோ வரைவு கடாதலோ என்பதைத் துறையே தெரிவிக்கும்.

மூன்றாவது நெறி அரபியர் வழக்கு. மறை தெளிந்த அரபு மொழியில் இறங்கியதாகத் தன்னைப் பற்றிக் கூறுவதால் அரபியர் பேச்சும் பாட்டும் அதற்கு அளவுகோல் ஆயின. வானங்களையும் பூமியையும் படைத்தோன் எனப் பொருள்படும் தொடரில் 'ஃபாதிர்' என்னும் சொல் தமக்கு விளங்காதிருந்ததாகவும், கிணறொன்றைப் பற்றி வழக்காடிய நாட்டுப்புறத்து அரபியர் இருவருள் ஒருவன் அதனை முதன்முதல் தோண்டத் தொடங்கியவன் தானே என்பதற்கு அவ்வேர்ச்சொல்லையே ஆண்டபோது விளங்கியதாகவும் இப்னு அப்பாஸ் கூறியுள்ளார். நபிகளாரின் சிற்றப்பா மகனும் குறைஷிக் குலத்தவருமான அவர் பாலைநிலத்து வழக்காளியிடம் சொற்பொருள் கற்றதில் தாழ்வு காணவில்லை. இரண்டாம் கலீஃபா உமர் பதினாறாம் அத்தியாயத்தின் 'தகவ்வுஃப்' என்னும் சொல்லுக்கு அவையினரிடம் பொருள் வினவியபோது, ஹுதைல் குலத்து முதியவர் ஒருவர் எழுந்து, அது தம் குலத்து வழக்கு என்றும் படிப்படியாகக் குறைத்தல் என்பது பொருள் என்றும் கூறினார். உமர் அத்துடன் அமையாமல் பாட்டில் சான்று உண்டா எனக் கேட்டார். முதியவர் பாடிக் காட்டினார். பொதுவழக்கில் அச்சொல்லின் வேர் அச்சத்தைக் குறிப்பது. வட்டார வழக்கு கைகொடாவிடின் பொருள் திரிந்திருக்கும்.

இசுலாத்திற்கு முற்பட்ட பாடல்கள், அவற்றுள் மதுவையும் குலப்பகையையும் பாடியனவும்கூட, இறைமொழிக்கு மேற்கோளாயின என்பது வியப்பிற்குரியது. காரிஜியத் தலைவருள் ஒருவரான நாஃபிஃ இப்னுல் அஸ்ரக் அருஞ்சொற்கள் பலவற்றை அடுக்கி வினவ, ஒவ்வொன்றுக்கும் இப்னு அப்பாஸ் பழம்பாட்டால் விடையிறுத்ததாக ஒரு தொகுப்பே வழங்குகிறது. தொகுப்பு முழுமையும் அவருடையதாகுமா என்பதில் ஆய்வாளரிடை ஐயம் உண்டு. பிற்காலத்தார் சேர்த்தன பலவாகலாம். முறை பழையது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அகராதிப்பொருளே போதுமென்பதும் அவர் கொள்கையன்று. நோன்புக் காலத்தில் கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் தெரியும்வரை உண்ணலாம் என்ற வசனத்தைக் கேட்ட அதீ இப்னு ஹாத்திம், இருநிறக் கயிறுகளைத் தலையணைக்கீழ் வைத்து இரவெல்லாம் நோக்கினார். அவை இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று நபிகளார் நகைத்து விளக்கினார். அதீ தாய்மொழியாளர், புகழ்பெற்ற வள்ளலின் மகன். தாய்மொழியாளருக்கும் உருவகம் தவறும் என்பதனால்தான் உரை என ஒன்று வேண்டப்பட்டது.

இவ்விளக்கங்கள் நெடுங்காலம் ஏட்டைவிட வாய்மொழியிலேயே மிகுதியாக வாழ்ந்தன. மக்காவில் இப்னு அப்பாஸிடம் முஜாஹித், இக்ரிமா, ஸயீத் இப்னு ஜுபைர் ஆகியோரும், கூஃபாவில் இப்னு மஸ்ஊதின் மாணாக்கரும், மதீனாவில் உபை இப்னு கஅபின் வழியினரும் கற்றனர். யார் யாரிடம் கேட்டார் என்னும் பெயர்த்தொடர் இல்லாத உரைக்கு மதிப்பில்லை. இறையனார் களவியல் உரையைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. நக்கீரனாரில் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை உரை நடந்துவந்த வழியைப் பெயர் சொல்லி நிறுவுகிறது அந்நூல். வேறுபாடும் உண்டு. தமிழ்மரபு அத்தொடரைப் பெருமையாகப் பேணியது. அரபு மரபு அதனை ஐயத்தோடு ஆராய்ந்தது. இணைப்பில் வரும் ஒவ்வொருவரின் நினைவாற்றலும் நேர்மையும் வாழ்ந்த காலமும் தனித்துறையாகவே வளர்ந்தன. அவ்வாறு ஆராய்ந்தபோது உரைச்செய்திகளுள் பெரும்பகுதி உறுதியான தொடரற்றது என்பதும் புலப்பட்டது. யூத, கிறித்தவக் கதைகள் பல அவ்வழியே உரைநூல்களில் புகுந்தன.

உரைகூற அஞ்சியோரும் இருந்தனர். எண்பதாம் அத்தியாயத்தில் கனிகளோடு கூறப்படும் 'அப்பு' என்பது யாது என வினவத் தொடங்கிய உமர், இது வலிந்து துருவுதலாகும் என்று தம்மையே கண்டித்துக்கொண்டார். கால்நடைக்குரிய புல் என்று பிறர் உரைத்தனர். மொழிநூல் வல்ல அல்அஸ்மயீ மறைச்சொற்களுக்குப் பொருள்கூற மறுப்பவர். 'மஜாஸுல் குர்ஆன்' எழுதிய அபூ உபைதாவைத் தற்கருத்தால் உரைசெய்தார் எனக் குறைகூறியவர். அபூ உபைதா அவரிடம் சென்று, ரொட்டி என்றால் யாது எனக் கேட்டாராம். சுட்டு உண்பது என்றார் அல்அஸ்மயீ. யூசுஃப் அத்தியாயத்தில் ஒருவன் தலையில் ரொட்டி சுமப்பதாக வருகிறதே, நீரும் தற்கருத்தால் உரைசெய்துவிட்டீர் என்றார் இவர். நகைச்சுவைக்காகப் புனையப்பட்டதாயினும், அறிந்ததைச் சொல்வதற்கும் தற்கருத்தைச் சொல்வதற்கும் இடையே கோடு வரைவது எத்துணைக் கடினம் என்பதை இக்கதை நன்கு காட்டுகிறது. அபூ உபைதாவின் 'மஜாஸ்' பிற்காலத்து அணியிலக்கணச் சொல்லன்று. மொழி செல்லும் வழி என்னும் விரிந்த பொருளுடையது. ஊரைக் கேளும் என்பது ஊராரைக் கேளும் என நிற்பது அவர் காட்டும் வகைகளுள் ஒன்று. தமிழ் மாணவன் இதனை இடவாகுபெயர் என்பான். அவருக்கு முன்பே முகாத்தில் இப்னு சுலைமான் (இறப்பு 767) ஒருசொற் பலபொருளைத் தொகுத்திருந்தார். 'ஹுதா' என்பதற்கு அவர் 17 பொருள்களைப் பிரித்தார். அச்சொல் வருமிடமெல்லாம் 'நேர்வழி' என ஒரே சொல்லை இடும் மொழிபெயர்ப்பாளர் அத்தொகுப்பைக் கண்டால் சற்றுத் தயங்குவர்.

இவையனைத்தையும் தொகுத்து, முரண்பட்ட உரைகளை அருகருகே வைத்து, தம் முடிபையும் அதற்குரிய காரணத்தையும் கூறியவர் தபரீ (839-923). மறையின் பொருளை அவர் மூவகைப்படுத்தினார்: இறைவன் மட்டுமே அறிவது, நபிகளாரின் விளக்கத்தாலன்றி அறியப்படாதது, அம்மொழி அறிந்தோர் எவரும் அறிவது. வெளிப்படைப் பொருளைக் கைவிடச் சான்று வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

இந்நெறிகள் தமிழுக்கு வந்தபோது சிக்கல் புதுவடிவம் கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காயல்பட்டினத்து அறிஞர் அரபுத்தமிழில், அதாவது அரபெழுத்தில் தமிழை எழுதும் முறையில், விரிவுரைகளை ஆக்கினர். அவற்றில் அரபுச்சொல் அதே எழுத்தில் உரையினூடே நிற்க இயலும். எனவே இருபொருட்சொல்லை மாற்றாது விட்டுவிடலாம். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்ற அப்துல் ஹமீது பாகவி 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழெழுத்தில் மறையை மொழிபெயர்த்தபோது அவ்வாய்ப்புச் சுருங்கிற்று. தமிழெழுத்தில் தமிழாகவே படிக்கப்படும் நூலில் ஒரு பொருளைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

மணவிலக்குப் பெற்ற பெண் மூன்று 'குர்உ' காத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அச்சொல் மாதவிடாயையும் குறிக்கும், இரு மாதவிடாய்க்கு இடைப்பட்ட தூய்மைக் காலத்தையும் குறிக்கும். ஒன்றற்கொன்று எதிரான பொருள்கள். உமர், அலீ, இப்னு மஸ்ஊத் ஆகியோர் முன்னதைக் கொண்டனர். அபூ ஹனீஃபா அவ்வழியினர். ஆயிஷா, ஸைத் இப்னு ஸாபித் ஆகியோர் பின்னதைக் கொண்டனர். மாலிக், ஷாஃபியீ அவ்வழியினர். பின்னதன்படி மூன்றாம் மாதவிடாய் தொடங்கியதும் காத்திருப்பு முடியும். முன்னதன்படி அது முடிந்த பின்னரே முடியும். இடைப்பட்ட சில நாள்களில் கணவன் மனைவியை மீட்டுக்கொள்ளும் உரிமையும், அவன் இறப்பின் அவள் பெறும் மரபுரிமையும் அடங்கியுள்ளன. தமிழகத்தின் கடற்கரைப் பட்டினங்களில் ஷாஃபியீ வழியினர் மிகுதி. உள்நாட்டு இராவுத்தர் ஹனஃபீ வழியினர். அந்தமானில், 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமாரின் வழித்தோன்றல்கள் ஷாஃபியீ நெறியையும், உருது பேசுவோர் பெரும்பாலும் ஹனஃபீ நெறியையும் பின்பற்றுகின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி அங்கு ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழ் பேசுவோர். அவர்களுள் இருநெறியினரும் ஒரே தமிழ் மொழிபெயர்ப்பைத் திறப்பாராயின், மாதவிடாய் என்று எழுதினும் தூய்மை என்று எழுதினும் ஒரு சாராரின் சட்டம் அங்கு இல்லை. அடைப்புக்குறிக்குள் மற்றப் பொருளைத் தருதல் வழக்கமாயிற்று. ஆனால் மறைச்சொல்லையும் உரைச்சொல்லையும் கலவாது வைத்த பழையோர் நெறிக்கு அடைப்புக்குறி ஓர் இடர். உரக்கப் படிக்கும்போது அது காதிற்குக் கேளாது.

மூன்றாம் அத்தியாயத்தின் ஏழாம் வசனத்தில் இடர் தொடரியலைச் சார்ந்தது. மறையின் பலபொருட்பகுதிகளின் விளக்கத்தை இறைவனன்றி அறிவாரிலர் என்னுமிடத்தில் நிறுத்தினால் அறிவு இறைவனுக்கே உரியது. அடுத்துவரும் 'கல்வியில் உறுதிபெற்றோர்' என்பதையும் இணைத்துப் படித்தால் அறிஞரும் அறிவர். ஆயிஷா முதலியோர் முன்னதைக் கொண்டனர். முஜாஹித் பின்னதைக் கொண்டார். இப்னு அப்பாஸிடமிருந்து இரண்டுமே அறிவிக்கப்படுகின்றன. இந்தியாவில் அச்சாகும் படிகளில் முன்னதற்கேற்பக் கட்டாய நிறுத்தக்குறி காணப்படும். அரபுத் தொடரில் எழுத்துகள் மாறாமல் இருபொருளும் நிற்கின்றன; மூச்சு நிற்குமிடம் ஒன்றே வேறுபாடு. வினை இறுதியில் வரும் தமிழில் இது கூடாது. 'இறைவனையன்றி எவரும் அறியார்' என முடிப்பதா, 'இறைவனும் கல்வியில் உறுதிபெற்றோருமன்றிப் பிறர் அறியார்' என உம்மை கொடுப்பதா என்பதை வாக்கியம் தொடங்கும்போதே முடிவுசெய்தாக வேண்டும்.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. பெண்களைத் தொட்டபின் தொழுகைக்குத் தூய்மை செய்தல் பற்றிய வசனத்தில் தொடுதலைக் குறிக்கும் சொல்லுக்குக் கையால் தொடுதல் என்றார் இப்னு மஸ்ஊத். ஷாஃபியீயின் சட்டம் அதனைத் தழுவியது. இறைவன் நாணத்திற்குரியவற்றை மறைமொழியால் சுட்டுவான், ஈண்டுக் கருதியது கூடலே என்றார் இப்னு அப்பாஸ்; ஹனஃபீயர் அதனைத் தழுவினர். அவர் கூறிய மறைமொழி தமிழிலக்கணத்தின் இடக்கரடக்கலே. 'தீண்டுதல்' என்னும் தமிழ்ச்சொல் கைபடுதலையும் குறிக்கும், இடமறிந்து கூடலையும் உணர்த்தும். அச்சொல்லை இட்டு, குறிப்பின்றி விடும் மொழிபெயர்ப்பில் இப்னு மஸ்ஊதின் மாணாக்கரும் இப்னு அப்பாஸின் மாணாக்கரும் தத்தம் பொருளைக் காண இயலும்.